பம்ப் இல்லாத ஸ்டியரிங்

1

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மூன்று வாரமாக ஓர் ஆர்டர் ஃபாரம் கிடந்தது. ரசம் சிந்தி அதன் ஒரு மூலை மஞ்சளாகிவிட்டது. அதில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் ‘மேனுவல் ஸ்டியரிங்’, இன்னொன்றில் ‘பவர் ஸ்டியரிங்’. ஏதாவது ஒன்றில் டிக் போட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும். இந்தியாவில் பெண் பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் சொல்ல என் வீட்டுக்காரருக்கு ஒன்றரை நாள்தான் பிடித்தது. இதற்கு மூன்று வாரம்.

தாம்பரம் பக்கத்திலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். நாங்கள் இருக்கும் மிச்சிகனில், ஆண்களுக்கு நாற்பது வயதானால் ஒரு வியாதி வருகிறது. இருபத்தைந்து, முப்பது வருடத்துக்கு முன்னால் செய்த ஒரு பழைய காரைத் தேடிப் பிடித்து, வீட்டோடு ஒட்டிய ஷெட்டில் நிறுத்தி, சனி ஞாயிறெல்லாம் அதன் அடியில் படுத்துக்கொள்வார்கள். அந்தக் கார்களுக்கு மசில் கார் என்று பெயர். இரண்டே கதவு, எட்டு சிலிண்டர், முன்பக்கம் பாதி ஊருக்கு நீளம். என் வீட்டுக்காரர் தாமோதரனும் போன வருடம் ஒன்றை வாங்கினார். கம்பெனியில் செய்தபோது அது பவர் ஸ்டியரிங்கோடு வந்த வண்டி. நடுவில் வைத்திருந்த யாரோ ஒரு புண்ணியவான் ஸ்டியரிங் பாகம் முழுவதையும் கழற்றி விற்றுவிட்டான். அதனால்தான் புதிதாக வாங்க ஃபாரம்.

ஆரம்பத்தில் அவர் மேனுவல் கட்சி. “மேனுவல்னா ரோடு கைக்கே தெரியும் கோமதி. ஒரு கல் ஏறினாக்கூட உள்ளங்கையில தெரியும். பவர்ல அதெல்லாம் செத்துப்போயிடும். எண்ணெய் ஒழுகும், பெல்ட் அறும், எதுக்கு அந்தத் தொல்லை?” என்று எனக்கும், எங்கள் பத்து வயது மகள் வித்யாவுக்கும், போனில் அகப்பட்ட எல்லாருக்கும் வகுப்பெடுத்தார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று கட்சி மாறிவிட்டார். போனில் ஒரு நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பவர்தாம்ப்பா போடப்போறேன். எனக்காக இல்ல, கோமதிக்காக. அவளும் ஓட்டணுமில்ல? அவளுக்குக் கையில பலம் ஏது? பாவம், நம்ம வேனையே பயந்து பயந்துதான் ஓட்டுறா.”

நான் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். விரலை நறுக்கிக்கொள்ளாதது பெரிய காரியம். அதற்கடுத்த மாதம் எங்கள் கல்யாணம் ஆகிப் பன்னிரண்டு வருடம் முடிய இருந்தது. அந்த நாளில் வண்டியை வெளியே எடுக்க வேண்டுமென்பது அவர் ஆசை. பன்னிரண்டு வருடமாக நான் அவரிடம் ஒன்றை மறைத்து வந்திருந்தேன். அது இந்த ஸ்டியரிங் விஷயம்தான்.

2

என் அப்பாவுக்குப் பம்மலில் ஒரு ரிப்பேர் ஷெட். தோல் ஆலைகளுக்குச் சரக்கு ஏற்றும் வேன்கள்தான் வாடிக்கை. அந்த வாடைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எங்களுக்கு அது காற்று, அவ்வளவுதான். ஷெட்டின் ஓரத்தில் தார்ப்பாய் போர்த்தி ஒரு வண்டி நிற்கும். அமெரிக்காவில் செய்த திறந்த கார், இடது பக்கம் ஸ்டியரிங். யாரோ ஒரு வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போய், நாலு கை மாறி அப்பாவிடம் வந்தது. தெருவில் எல்லாரும் அதைக் கப்பல் என்பார்கள். கப்பலுக்கு ஒரே வேலை, மாப்பிள்ளை அழைப்பு. முகூர்த்த நாட்களில் பம்மல், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் வரைக்கும் போகும்.

கப்பலில் பவர் ஸ்டியரிங் உண்டு. அதற்கு எண்ணெயைத் தள்ளித் தரும் பம்ப் மட்டும் செத்துப்போயிருந்தது. அப்பா புதுப்பேட்டையில் பழைய சாமான் கடைகளை வருடக்கணக்கில் சல்லடை போட்டுச் சலித்தார். கிடைக்கவில்லை. கடைசியில் பம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, அதற்குப் போய் வந்த இரண்டு எண்ணெய்க் குழாயையும் ஒன்றோடொன்று கோத்துவிட்டார். பவர் ஸ்டியரிங்கில் பம்ப் இல்லையென்றால் அது மேனுவலாக மாறிவிடும் என்று நினைப்பீர்கள். மாறாது. மேனுவலை மனிதக் கைக்கென்று அளவாகச் செய்திருப்பார்கள். இது பம்பை நம்பிச் செய்தது. உருளை இல்லாத கிணற்றில் வெறும் கயிற்றால் வாளி இழுக்கிற கதைதான். அதிலும் மாப்பிள்ளை அழைப்பு என்றால் நடக்கிற வேகம். வேகம் குறையக் குறைய ஸ்டியரிங் கனக்கும். நாதஸ்வரக்காரர் நின்றால் வண்டியும் நிற்க வேண்டும். டிரைவர் மாணிக்கம் அண்ணன் ஒரு கல்யாணம் முடித்து வந்தால் இரண்டு நாள் தோளில் தைலம் தேய்த்துக்கொள்வார்.

நான் ஷெட்டில் வண்டிகளை முன்னே பின்னே நகர்த்திப் பழகியவள். அம்பாசடரில் ஓட்டிக் காட்டிப் பத்தொன்பது வயதில் லைசென்சும் வாங்கியிருந்தேன். ஒரு நாள் கப்பலைக் கழுவ வெளியே எடுக்க வேண்டும். அப்பாவும் மாணிக்கம் அண்ணனும் நின்ற வண்டியில் ஸ்டியரிங்கோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். நான் ஏறி உட்கார்ந்தேன். எனக்கு மல்லுக்கு நிற்கப் பலம் கிடையாது. அதனால் பிரேக்கை லேசாக விட்டேன். வண்டி ஒரு சாண் உருண்டது. அந்த ஒரு சாணுக்குள் ஒடித்தேன். இன்னொரு சாண் உருட்டினேன், இன்னும் கொஞ்சம் ஒடித்தேன். வண்டி சாதுவாகத் திரும்பி வெளியே வந்தது.

அப்பா கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பார்த்தார். “இன்னாடி இது! நாங்க ரெண்டு பேரும் தொங்கிகினு கெடக்குறோம், நீ பட்டாணி உரிக்கிற மாதிரி ஒடிக்கிற!”

அதற்கடுத்த முகூர்த்தத்தில் மாணிக்கம் அண்ணனுக்கு மணிக்கட்டு சுளுக்கு. அப்பாவுக்கு இடுப்புப் பிடிப்பு. கப்பலை ஒடித்தால் அப்புறம் அவரைத்தான் தூக்கிக்கொண்டு வர வேண்டும். பெருங்களத்தூரில் கல்யாணம், சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி நிற்க வேண்டும். நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். மாப்பிள்ளையின் மாமா ஓடி வந்தார்.

“இன்னாபா இது, பொம்பளப் புள்ளய ஒக்கார வச்சி இட்டாந்துகிற? வெள்ளாட்டா கீதா?”

“வண்டி போவுதா இல்லியான்னு மட்டும் பாரு சார்” என்றார் அப்பா.

போயிற்று. முன்னால் பேண்டு, இரண்டு பக்கமும் தலையில் கியாஸ் விளக்கு, பின்சீட்டில் மாப்பிள்ளையோடு ஏழெட்டுக் குழந்தைகள், பேனட்டில் இரண்டு. ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகள் ஒதுங்கி வழி விட்டன. இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவள் வலது பக்கம் திரும்பப்போவதை எப்படிக் காட்டுவது? சிக்னல் விளக்கெல்லாம் என்றைக்கோ போய்விட்டது. அப்பா வலது பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார். நான் “வலது” என்பேன், அவர் கையை நீட்டுவார். நான் ஸ்டியரிங், அவர் சிக்னல். மண்டபத் தெருவுக்குள் ஒரே மூச்சில் வண்டியைத் திருப்பினேன். அந்த மாமா எனக்கு இரண்டு தாம்பூலப் பை கொடுத்தார். அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கு, “அந்தப் பொண்ணே ஓட்டட்டும்” என்று கேட்டு வந்தார்கள்.

அந்த வருடம் பதினோரு கல்யாணம் ஓட்டினேன். அந்த சீட்டில் உட்கார்ந்தால் எனக்கு என் மேலேயே ஒரு பிரியம் வரும். அதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

3

பிறகு அமெரிக்க வரன் வந்தது. பையன் ராஜகீழ்ப்பாக்கம், எஞ்சினியர், கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. தரகர் அப்பாவைத் தனியாக அழைத்துப்போய்ப் பேசினார். தனியாக என்றால் எங்கள் ஷெட்டில் நாலடி தள்ளி. எனக்கு எல்லாம் கேட்டது.

“பொண்ணு கார் ஓட்டுதுன்னா ஒண்ணியும் தப்பில்ல. பெரிய வூட்டுலல்லாம் ஓட்டுறாங்க. கல்யாண வண்டி ஓட்டுதுன்னு வச்சிக்க, டிரைவர் வூட்டுப் பொண்ணுன்னு பூடுவாங்க. மூச்சு வுடாத.”

அன்று மாலை அப்பா என் லைசென்சை வாங்கிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம்தான். ஆனாலும் அமெரிக்கா என்ற சொல் எனக்கும் இனித்தது. பொய் சொல்லக் கூடாது, நானும் சேர்ந்துதான் மறைத்தேன். பெண் பார்க்க வந்த அன்று, “கப்பலை யார் ஓட்டுறாங்க?” என்று மாப்பிள்ளையின் சித்தப்பா கேட்டபோது, “ஆள் வச்சிருக்கோம்” என்று அப்பா சொன்னார். நான் காபித் தட்டோடு தலையைக் குனிந்துகொண்டேன்.

எங்கள் மாப்பிள்ளை அழைப்புக்கும் கப்பல்தான். ஓட்டியவர் மாணிக்கம் அண்ணன். கிழக்குத் தாம்பரத்தில் மண்டபம். நான் மாடியறையில் பாதி ஜடை பின்னிய நிலையில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். தெருமுனையில் வண்டி திரும்ப வேண்டும். அண்ணன் பதற்றத்தில் வண்டியை நிறுத்திவிட்டார். நின்ற வண்டியில் ஸ்டியரிங்கை இழுக்கிறார், தொங்குகிறார், எழுந்து நின்று இழுக்கிறார். அசையவில்லை. பேண்டுக்காரர்கள் அதே பாட்டை மூன்றாவது தடவையாக வாசிக்கிறார்கள். மாலையும் கோட்டுமாக மாப்பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டுகிறது. “உருட்டிகினே ஒடிங்கண்ணே, உருட்டிகினே ஒடிங்க” என்று என் வாய் முணுமுணுத்தது.

“என்னடி முணுமுணுக்கிறே?” என்றாள் ஜடை பின்னிய அத்தை.

“சாமி கும்பிடறேன்.”

கடைசியில் பத்துப் பேர் சேர்ந்து வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கித் திருப்பி வைத்தார்கள்.

இந்தக் கதையை என் வீட்டுக்காரர் இங்கே ஒரு விருந்து விடாமல் சொல்வார். “என் கல்யாணத்துல பத்துப் பேர் என்னைக் காரோட தூக்கினாங்க. மேனுவல் ஸ்டியரிங்! ஒரு ஆம்பளையால அதை அசைக்க முடியல!” எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் சிரித்து முடித்ததும் அவர் குரல் இறங்கும். “இருந்தாலும் அந்த வண்டியில உட்கார்ந்து வந்தேன் பாருங்க, ராஜா மாதிரி இருந்துது. அன்னிக்கே நெனச்சேன், ஒரு நாள் இப்படி ஒண்ணு வாங்கணும்னு.” ஷெட்டில் நிற்கும் மசில் காருக்கு விதை அங்கே விழுந்தது.

4

இங்கே வந்த புதிதில் அவர் என்னை லைசென்ஸ் ஆபீசுக்கு அழைத்துப்போனார். அங்கே ஒரு ஃபாரம். ‘இதற்கு முன் வேறு எங்காவது ஓட்டுநர் உரிமம் பெற்றிருக்கிறீர்களா?’ ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார். ‘இல்லை’ என்று டிக் போட்டேன். வந்து ஒரு மாதம் ஆகவில்லை, அமெரிக்க சர்க்காரிடம் பொய். போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போகுமோ என்று ஒரு வாரம் வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

அவரே எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார், மூன்று மாதம். உண்மையில் அவர் கார் ஓட்டப் பழகியதே இங்கேதான். ராஜகீழ்ப்பாக்கத்தில் அவருக்கு சைக்கிள். கல்லூரிக்கு மின்சார ரயில். ஒற்றை விரலால் சுற்றும் பவர் ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. “பயப்படாதே, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்காதே” என்பார். எனக்கோ பிரச்சினை வேறு. கப்பலுக்குப் பழகின கை, தொட்டதும் வண்டி பாதி வட்டம் போட்டுவிடும். அதை அடக்கி அடக்கி ஓட்டியதுதான் அவருக்குப் பயமாகத் தெரிந்தது. நானும் பயந்தவளாகவே இருந்துவிட்டேன். பழக்கம் ஒட்டிக்கொண்டது. இப்போது நான் பெரிய ரோட்டில் ஏறினாலே வித்யா, “அம்மா, ஸ்டே இன் த ஸ்லோ லேன்” என்கிறாள்.

டெஸ்ட் அன்று இடது பக்கம் திரும்பும்போது என் கை தன் பாட்டுக்கு ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது. பக்கத்தில் இருந்த அதிகாரி திகைத்து, “உங்கள் சிக்னல் விளக்கு எரியவில்லையா?” என்று கேட்டார். எரிகிறது என்றேன். பிறகு எதற்குக் கை என்றார். பதில் சொல்ல இங்கிலீஷும் இல்லை, தைரியமும் இல்லை. எப்படியோ பாஸ் போட்டுவிட்டார். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, “புஸ்தகத்துல போட்டிருக்கிற கை சிக்னலைக்கூட மனப்பாடம் பண்ணியிருக்கே!” என்று பெருமைப்பட்டார்.

வித்யாவுக்குத் தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். மாப்பிள்ளை அழைப்பு என்றால் என்னவென்று அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. கார் இருக்கும்போது ஏன் எல்லாரும் கூடவே நடக்கிறார்கள் என்கிறாள். நியாயமான கேள்விதான்.

5

மூன்றாவது வாரம் சாப்பாட்டு மேஜையில் மறுபடியும் அந்தப் பேச்சு. ஃபாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு அவர் வித்யாவிடம் சொன்னார், “உங்க அம்மாவுக்காகத்தான் பவர். மேனுவல்னா என்ன ஆகும் தெரியுமா? எங்க கல்யாணத்துல...” பத்துப் பேர் கதை ஆரம்பமானது. “அது சுத்த மேனுவல் ஸ்டியரிங். அதனாலதான்...”

“மேனுவல் இல்ல” என்றேன். நான் சொல்ல நினைக்கவில்லை, வாய் சொல்லிவிட்டது. “பவர். பம்ப் செத்த பவர். மாணிக்கம் அண்ணன் வண்டிய நிறுத்திட்டு ஒடிச்சாரு, அதான் அசையல. உருட்டிகினே ஒடிச்சிருந்தா திரும்பியிருக்கும்.”

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். “உனக்கெப்படித் தெரியும்?”

இனி எங்கே போய் ஒளிவது? சொன்னேன். ஷெட், லைசென்ஸ், பெருங்களத்தூர், பதினோரு கல்யாணம், வலது பக்கம் அப்பா கை நீட்டியது, தரகர், பீரோ, எல்லாம். வித்யா நாற்காலியிலிருந்து குதித்தாள். “அம்மா! நீ பரேடு காரெல்லாம் ஓட்டியிருக்கியா? அவ்வளவு பெரிய காரையா?” அவள் தமிழில் கேட்டாள் என்பதை அப்புறம்தான் கவனித்தேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். வழக்கமாகக் கழுவுகிறவர் இல்லை.

இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் காலை காபி குடிக்கும்போது கேட்டார்.

“மூணு மாசம் கத்துக்கொடுத்தேனே. உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டே இருந்தியா?”

“இல்லைங்க. பயந்துக்கிட்டே இருந்தேன்.”

“என்ன பயம்?”

“டிரைவர் வீட்டுப் பொண்ணுன்னு திருப்பி அனுப்பிடுவீங்களோன்னு.”

“அப்படிப்பட்ட ஆளா நான்?”

“அப்ப எனக்குத் தெரியாதே. தெரிஞ்சதுக்கப்புறம் சொல்ல வெட்கமாப் போச்சு.”

அவர் பேனாவை எடுத்தார். ஃபாரத்தை இழுத்து மேனுவல் கட்டத்தில் அழுத்தமாக டிக் போட்டார். “உனக்குத்தான் கப்பலே ஓட்டத் தெரியுமே. அப்புறம் எதுக்குப் பவர்? மேனுவலே போட்டுடலாம்” என்றார். என்னைத் தபால் தலை ஒட்டச் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

அன்று மதியம் பம்மலுக்கு போன் செய்தேன். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். “அப்பா, அவர்கிட்ட சொல்லிட்டேன்” என்றேன்.

“இன்னா சொன்னாரு மாப்ள?”

“மேனுவல் போடப்போறாராம்.”

“பம்ப் கெடைக்கிற ஊர்லியா? இன்னாத்துக்கு?” என்றார் அப்பா. அவருக்கு அது ஒன்றுதான் புரியவில்லை.

எனக்கு ஏன் என்று தெரியும். அதனால்தான் உறையைத் தபாலில் போடவில்லை.

6

ஆறு மாதமாக நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் இடது கையால் தலை வாருகிறார். தலைவழியாகப் போடும் பனியன் சட்டைகளை விட்டுவிட்டுப் பொத்தான் வைத்த சட்டைகளுக்கு மாறிவிட்டார். மேல் அலமாரியில் இருந்த அரிசி டப்பா ஒரு நாள் தானாகக் கீழே வந்துவிட்டது. வேனைப் பின்னால் எடுக்கும்போது வலது கை மடியில் கிடக்கிறது. வலது தோள் தூக்க வரவில்லை. அவருக்குச் சர்க்கரை உண்டு; சர்க்கரை உள்ளவர்களுக்கு இப்படித் தோள் பிடித்துக்கொள்ளும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

மேனுவல் ஆசாமி ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பவருக்கு மாறியது அதனால்தான். “கோமதிக்காக” என்பது அவருக்குக் கிடைத்த ஒரு போர்வை. அதை நான் புரிந்துகொண்டுதான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டு பேசாமல் இருந்தேன். எரிச்சலாக இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தேன். இப்போது என் உண்மை அந்தப் போர்வையை உருவிவிட்டது. இந்த மனிதர் வீம்புக்கு மேனுவல் போட்டு, ஊரார் முன்னால் அந்த வண்டியில் உட்கார்ந்து, ஒடிக்க முடியாமல் நின்றுவிட்டால்? இந்தத் தடவை தூக்க யாருமில்லை. அந்த வண்டி இரண்டாம் நாளே தார்ப்பாய்க்குள் போய்விடும், அதோடு அவருடைய பன்னிரண்டு வருட ஆசையும். நினைக்கவே எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை உளுந்து டப்பாவை எடுத்து மேல் தட்டில், சுவரோரமாக வைத்தேன். அவர் வந்ததும் சொன்னேன்.

“அந்த டப்பாவை எடுங்க.”

“ஸ்டூல் எங்கே?”

“ஸ்டூல் எதுக்கு? என்னைவிட ஒரு முழம் உயரம் நீங்க. கையை நீட்டுங்க.”

இடது கையை நீட்டினார்.

“அந்தக் கை இல்ல.”

“விளையாடாதே கோமதி, ஆபீசுக்கு நேரமாச்சு.”

“நான் பன்னிரண்டு வருஷம் கழிச்சு சொன்னேன். நீங்களும் அவ்வளவு காலம் எடுத்துக்கப் போறீங்களா?”

அவருக்குக் கோபம் வந்தது. கழுத்து சிவந்தது. கத்துவார் என்று நினைத்தேன். பிறகு அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டார்.

“தூக்க முடியல” என்றார். “ஆறு மாசமா. சட்டை போடவே கஷ்டமா இருக்கு. வண்டிய வேற போன வருஷந்தான் வாங்கியிருக்கோம். சொன்னா வித்துடச் சொல்லுவேன்னு...”

“நான் எதுக்கு விக்கச் சொல்றேன்? நான் கப்பல்காரர் பொண்ணுங்க.”

டாக்டரிடம் நேரம் வாங்கினேன். பிறகு ஃபாரத்தை எடுத்து வந்தேன். தபால் தலை ஒட்டிய உறைக்குள் போட்டு, என் கைப்பையிலேயே வைத்திருந்தேன். மேனுவல் டிக்கை அடித்துவிட்டு, பவர் கட்டத்தை அவர் பக்கம் திருப்பினேன். அவர் பேனாவை வாங்கவில்லை.

“கேட்கிறவங்ககிட்ட என்ன சொல்றது? உனக்காகன்னு இனிமே சொல்ல முடியாது. எனக்காகன்னும் சொல்ல மாட்டேன்.”

“யாருக்காகவும் இல்ல. கம்பெனியில பவரோட செஞ்ச வண்டி, அதுக்கு உள்ளதை வைக்கிறோம். எங்கப்பா ஒரு பம்புக்காக எத்தனை வருஷம் புதுப்பேட்டையில அலைஞ்சாரு தெரியுமா? கப்பலை விக்கிற வரைக்கும் கெடைக்கவே இல்ல. இங்க ஒரு டிக் போட்டா வாசல்ல வந்து இறங்குது. அதை வேணாம்பீங்களா?”

அவர் சிரித்துவிட்டார். டிக் போட்டார்.

பெட்டி வந்தது. நண்பர் ஒருவர் வந்து உதவ, கல்யாண நாளுக்கு முந்தின சனிக்கிழமை பம்ப் ஏறியது, பெல்ட் மாட்டியது, ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. கல்யாண நாளன்று மாலை வித்யா ஷெட் கதவைத் தூக்கிவிட்டாள். நான் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறப் போனேன். அவர் சாவியை என் கையில் வைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு போய் வலது பக்கத்தில் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைத் தொட்டேன். விரல் பட்டதும் திரும்புகிறது. அப்பாவுக்கு இதை ஒரு முறை தொட்டுப் பார்க்கக் கொடுத்திருக்கலாம்.

தெருவுக்குள் இறக்கினேன். முன்னால் பேண்டு இல்லை, விளக்கு இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினேன். வித்யா பின்சீட்டிலிருந்து, “ஃபாஸ்டா போம்மா!” என்று கத்தினாள். தெருமுனை வந்தது. வலது பக்கம் திரும்ப வேண்டும். சிக்னல் விளக்கைப் போட்டேன். அது டிக் டிக் என்று எரிந்துகொண்டிருந்தது.

“வலது” என்றேன், பழக்க தோஷத்தில்.

அவர் ஜன்னல் கண்ணாடியைச் சுற்றி இறக்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு வலது கையை வெளியே நீட்டினார். அது தோள் உயரத்துக்கு வரவில்லை. ஜன்னல் உயரத்துக்குத்தான் வந்தது. அவ்வளவு போதும். நான் வண்டியை உருட்டிக்கொண்டே ஒடித்தேன்.